கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்

கிளிநொச்சியின் இளைஞர் கழகங்களுக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பான தம்பி, தங்கச்சிமாருக்கு,

சிரமதானம் என்று சொன்னால் முதல் ஆட்களாக வந்து நிற்பவர்கள் நீங்கள். உங்களோடு சேர்ந்து நானும் குளக்கட்டில் குப்பை பொறுக்கியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன முறை நாங்கள் ஒரு பெரிய பிழை விட்டோம். சொப்பிங் பை, யோகட் கப், 2017இலேயே தடை வந்தும் இன்னும் ஒழியாத லஞ்ச் சீற் எல்லாம் பொறுக்கி முடித்த பிறகும் இடம் வடிவாக இல்லை என்று நினைத்தோம். தண்ணீர் விளிம்பில் நின்ற நாணலையும் பற்றையையும் வெட்டிக் குவித்து, பொலித்தீனோடு சேர்த்து நெருப்பு வைத்தோம். மறுநாள் காலை நடக்கப் போனேன். கானாங்கோழியின் சத்தமே இல்லை. அது கூடு கட்டுவதும் குஞ்சுகளை ஒளிப்பதும் அந்தப் பற்றைக்குள்தானே! எங்கள் கண்ணுக்கு வெறும் பற்றை, கானாங்கோழிக்கு வீடு. அந்தக் காலையை என்னால் மறக்க முடியவில்லை.

இனி கத்தியும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். பொலித்தீன் புகை எங்கள் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகும். சேர்த்த குப்பையை ஏற்ற உழவு இயந்திரம் வருமா என்று பிரதேச சபையிடம் முன்கூட்டியே கேட்டு, திகதியை உறுதி செய்துவிட்டு இறங்குவோம். கேட்காமல் மூட்டை கட்டி வைத்தால் நாய்கள் கிழித்து எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

நாளும் முக்கியம். ஒக்டோபரில் மழை தொடங்கிவிட்டால் வாய்க்காலில் கிடப்பதெல்லாம் வெள்ளத்தோடு போய்விடும். கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்பி, பிறகு சுண்டிக்குளம் களப்பில் போய்ச் சேர்கிறது. 1938இல் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவான இடம் அது. பூநாரைகள் வந்து இறங்கும் தண்ணீர். ஆற்றங்கரையில் நாங்கள் எடுக்காமல் விட்ட பை அங்கேதான் போகும். வெளிநாட்டுப் பறவைகள் வரத் தொடங்குவதும் அந்தக் காலத்தில்தான். ஆகவே செப்டெம்பரிலேயே முடிப்போம்.

இன்னொன்று, போர் நடந்த எங்கள் மண்ணில் மிதிவெடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. என்னவென்று தெரியாத இரும்போ பிளாஸ்ரிக் பொருளோ மண்ணில் புதைந்து தெரிந்தால் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். எல்லோரையும் வந்த தடத்தாலேயே திரும்பச் சொல்லி, பொலிஸின் 119க்கு அறிவியுங்கள். ஆள் நடமாடாத பற்றைக்குள் சின்னப் பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம்.

செப்டெம்பர் முதல் ஞாயிறு, காலை ஆறு மணிக்கு நான் குளக்கட்டில் நிற்பேன். வெறும் உரப் பைகள் நான் கொண்டு வருகிறேன். நீங்கள் கையுறையும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு வந்தால் போதும்.

அன்புடன்,
குளக்கட்டில் தினமும் நடக்கும் உங்கள் அக்கா