சின்னம்மை: மழலை வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மழலை வகுப்புக் குழந்தை ஒன்றுக்குச் சின்னம்மை என மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். யார் என்று கேட்க வேண்டாம்; சொல்ல மாட்டோம். செவ்வாய்க்கிழமை கொப்புளம் எழுந்தது. கொப்புளத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே இது காற்றில் பரவும் என்பதால், திங்கட்கிழமை வகுப்பிலிருந்த எல்லோரையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம்.

இன்று புதன். வீட்டுக்குப் போனதும் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். "அம்மை ஊசி போட்டாச்சு" என்ற நினைவை மட்டும் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். ஊசியாக இருக்கும், பெயரில்தான் அம்மை, கிருமி வேறு. அட்டையில் சின்னம்மைக்கான 'வாரிசெல்லா' அல்லது 'எம்.எம்.ஆர்.வி.' என்று இருக்கிறதா பாருங்கள். பொதுவாக முதல் தவணை 12-15 மாதத்தில், இரண்டாவது 4-6 வயதில்.

ஒரு வயது கடந்து, இந்த ஊசியே போடாத குழந்தைக்கு இப்போதும் போடலாம். தொற்று நேர்ந்த 3 நாளுக்குள், அதாவது நாளைக்குள், போட்டால் நோயைத் தடுக்கவோ கடுமையைக் குறைக்கவோ வாய்ப்பு அதிகம். 5 நாள் வரை, அதாவது சனி வரை, ஓரளவு பயன் உண்டு. ஒரு தவணை போட்டு 3 மாதம் ஆகியிருந்தால் அடுத்ததைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இது உயிருள்ள, வலுக்குறைத்த கிருமியால் ஆன ஊசி. கர்ப்பிணிகளுக்கும் நோயெதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் போடக் கூடாது.

வீட்டில் அப்படி யாராவது இருந்து, அவர்களுக்கு முன்பு சின்னம்மை வந்ததில்லை என்றால் மருத்துவரிடம் முதலில் தொலைபேசியில் பேசுங்கள். நேரே போய்க் காத்திருப்பு அறையில் உட்கார வேண்டாம். அவர்களுக்கென எதிர்ப்பொருள் ஊசி இருக்கிறது. தொற்று நேர்ந்த 10 நாளுக்குள் போட வேண்டும். பச்சிளம் குழந்தை இருந்தாலும் இப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நோய் வெளிப்பட 10 முதல் 21 நாள் ஆகும். எனவே அடுத்த வார வியாழன் தொடங்கி, வருகிற மூன்றாவது திங்கள் வரை தினமும் காலையில் தலைமுடிக்குள், முதுகில், வயிற்றில் பாருங்கள். தடுப்பூசி போட்ட குழந்தைக்கும் லேசாக வரலாம். கொப்புளமாகாத சில சிவப்புப் புள்ளிகளைக் கொசுக்கடி என்று விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

வந்துவிட்டால், காய்ச்சலுக்கு எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கூடவே கூடாது: மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி வரக்கூடும். இபுப்ரோஃபெனும் வேண்டாம், கடுமையான தோல் தொற்றுடன் அதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அரிப்புக்குக் கலமைன் தடவலாம். மூச்சுத்திணறல், எழுப்ப முடியாத தூக்கம், 4 நாளுக்கு மேல் காய்ச்சல், கொப்புளத்தைச் சுற்றிச் சூடான வீக்கம் - இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் பேசுங்கள்.

எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டிய பிறகு அனுப்புங்கள். பெரும்பாலும் 5-7 நாள் ஆகும். பொருக்கு உதிரும்வரை காத்திருக்க வேண்டாம். கொப்புளமாகாத புள்ளிகள் மட்டும் என்றால், 24 மணி நேரம் புதிதாக எதுவும் எழாதிருக்க வேண்டும். சந்தேகமான புள்ளி தெரிந்தால் பள்ளிக்கு அழைத்து வந்து காட்டாமல், அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்