குதிரைக்கு ஒரு கால் கட்டை

அன்புள்ள மாப்ள,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் மருமகள் போனில் சொன்னாள். சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு, கண்ணைக் கசக்காதே, இதெல்லாம் அங்கே ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். நான் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நீலம் எப்படித் தெரிகிறது? போன வருஷம் எனக்கு வலது கண்ணில் செய்தபோது, கட்டை அவிழ்த்ததும் ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருந்த ஒரு சாதாரண நீலப் பலகை பளிச்சென்று முகத்தில் அடித்தது. புரை விழுந்த லென்ஸ் மஞ்சளித்துப் போகுமாம், நீலத்தைக் குடித்துவிடுமாம், டாக்டர் சொன்னார். இடது கண்ணுக்கு இன்னும் செய்யவில்லை என்பதால் ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்தேன். ஒன்றில் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது, இன்னொன்றில் பழைய வேட்டி மாதிரி இருக்கிறது. கடைசிப் பத்து வருஷம் நான் கலந்த கலரையெல்லாம் எந்தக் கண்ணை நம்பிக் கலந்தேனோ.

சரி, நீ கேட்ட விஷயம். ஆமாம், படம் வரைய ஒரு ஸ்டூடியோ ஆரம்பித்துவிட்டேன். செல்லூரில் ஒரு பழைய தறிக்கூடம், நாலு பவர்லூமையும் எடைக்குப் போட்டுவிட்டுச் சும்மா பூட்டி வைத்திருந்தார்கள். 32 அடி நீளம், 14 அடி அகலம், ஓட்டுக்கூரை, உயரம் தாராளம். தறி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை, மழை பெய்தால் அந்த வாசனை கிளம்பி வருகிறது. மாசம் 6,000 வாடகை. அட்வான்ஸுக்கு உன் தங்கச்சி சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள், கொடுக்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வாசலில் 'யாரும் வந்து வரையலாம்' என்று நானே எழுதினேன். எழுதி முடித்தபிறகு பார்த்தால் 'வ' இரண்டும் இரண்டு விதம். நீ இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாய்.

63 வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டிருந்தாய். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பிளக்ஸ் வந்து நம் சினிமா பேனர் கம்பெனியை மூடியபோது நீ திருப்பூருக்குப் போய்விட்டாய், நான் சுவர் சுவராக அலைந்தேன். பள்ளிக்கூடச் சுவரில் திருக்குறள், இருதயத்தின் உள்தோற்றம், இந்தியா மேப். அப்புறம் தூய்மை இந்தியா வந்ததும் காந்தியின் மூக்குக் கண்ணாடி. முகம் இல்லை, வெறும் கண்ணாடி. ஊர் ஊராக அந்தக் கண்ணாடியை எத்தனை வரைந்தேன் என்று கணக்கே கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவேன். அதில் ஒரு காண்ட்ராக்டர் இரண்டு பள்ளிக்கூடத்துக்கான கூலியை இன்னும் தரவில்லை, இனித் தரவும் மாட்டார். போன வருஷம் முட்டி சாரம் ஏற விடவில்லை. வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தால் கை தொடையில் எதையாவது வரைந்துகொண்டே இருக்கிறது. அவ்வளவுதான் காரணம்.

யார் வருவார்கள் என்று நினைத்தேன், இப்போது சாயந்திரமானால் பதினைந்து பேர் இருக்கிறார்கள். ரிட்டயர்டு பேங்க்காரர் ஒருவர் பூனை மட்டுமே வரைவார். ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி, ஸ்டாண்டில் சவாரி இல்லாத நேரத்தில் வந்து பத்து நிமிஷம் பூசிவிட்டு ஓடுவான். அப்புறம் மாவு அரைத்து விற்கும் ஒரு அக்கா. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரஷ்ஷைக் கையில் கொடுத்தால் பிடிக்கவே தெரியவில்லை, குழம்புக் கரண்டி மாதிரி பிடிக்கிறார். நானும் இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் அவரே ஒரு துணிக் கிழிசலை எமல்ஷனில் நனைத்து, உள்ளங்கையில் அடக்கி, மோதிர விரல் வழியாக விட்டார், மாக்கோலத்துக்கு விடுவோமே அப்படி. சுவரில் முதலில் எல்லாம் ஒழுகியது. தண்ணி சேர்க்காமல் கெட்டியாக எடுத்துப் பார்த்தார், நின்றது. 12 அடி அகலத்துக்கு ஒரு தேர்க்கோலம் போட்டார் மாப்ள, நூல் தட்டவில்லை, கட்டம் போடவில்லை, புள்ளிக்குப் புள்ளி கையால் ஒரு ஜாண் அளந்துகொண்டே போனார். ஓரத்துக்கு வந்தபோது கடைசிப் புள்ளி சரியாக மூலையில் உட்கார்ந்தது. நானும் நீயும் ஒரு ஸ்டில்லை நாலு பக்கமும் கட்டம் போட்டு, சாக்பீஸில் நம்பர் எழுதி, அப்படியும் ஹீரோவின் காதை அடுத்த பீஸில் தொலைத்தவர்கள்.

சுண்ணாம்பு வேலையும் சும்மா தொட்டுப் பார்த்தோம். நம் ஆட்களுக்கு டிஸ்டெம்பர், எனாமல், எமல்ஷன் தவிர என்ன தெரியும்? தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் சோழர் காலத்து ஓவியம் நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியிலேயே மறைந்து கிடந்து 1931இல்தான் கண்ணில் பட்டது, அத்தனை நூறு வருஷம் தாங்கியதற்குக் காரணம் ஈரச் சுண்ணாம்பிலேயே கலரை விட்டதுதான், அது காயக் காயக் கல்லாகிக் கலரைப் பிடித்துக்கொள்ளும் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லிவிட்டேன். உடனே செய்து காட்டு என்கிறார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, சல்லடையில் சலித்து, ஒரு மாசம் பானையில் ஊற வைத்து, மண் ஓட்டின் மேல் பூசினோம். காவி நன்றாக நின்றது, மஞ்சள் மண் நின்றது, விளக்குக் கரி நின்றது. பத்தாவது படிக்கும் ஒரு பயல் பிரஷ்யன் நீலத்தில் கடல் வரைந்தான். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால் கடல் துருப்பிடித்த மாதிரி பழுப்பாகிக் கிடக்கிறது. அந்த நீலத்துக்குச் சுண்ணாம்பு ஆகவே ஆகாது, அல்ட்ராமரின் போட்டிருக்க வேண்டும், எனக்கு அது தெரியும், சொல்ல மறந்துவிட்டேன். பயல் அழுவான் என்று பார்த்தேன், 'தாத்தா, சாயங்காலக் கடல்' என்று பேர் எழுதி மாட்டிவிட்டான்.

போன மாசம் எல்லோரையும் வேன் வைத்து அழகர்கோயில் வசந்த மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். நாயக்கர் காலத்து ராமாயணம், விதானத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது. ஐந்து நிமிஷம் அண்ணாந்தால் கழுத்து கழன்றுவிடும். பேங்க்காரர் கேட்டார், 'சார், படுத்துக்கொண்டோ தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டோதானே வரைந்திருப்பார்கள், மூக்குக்கு முன்னால் ஒரு முழம் மட்டும்தானே தெரிந்திருக்கும், கோடு கோணுகிறதா என்று யார் சொன்னது?' நான் பதில் சொல்லவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது. ஷெட்டில் பீஸ் பீஸாக வரைந்த பேனரைத் தியேட்டர் முகப்பில் ஏற்றிக் கட்டியபிறகு நான் சாரத்தில் நிற்பேன், நீ ரோட்டுக்கு அந்தப் பக்கம் பீடியோடு நின்று 'இடது கண்ணு நாலு விரல் மேல ஏத்து' என்று கத்துவாய். பக்கத்தில் நிற்கிற எனக்கு அது கண்ணே இல்லை, வெறும் கறுப்புத் திட்டு. உன்னை நம்பித்தான் ஏற்றுவேன். ஆர்ட்டிஸ்ட் என்று என் பேரை மட்டும் ஓரத்தில் எழுதிக்கொண்டோம், அதை இப்போது நினைத்தால் கொஞ்சம் உறுத்துகிறது. கோவில்பட்டியில் காலண்டர் சாமி படம் வரைந்த கொண்டையராஜு சீடர்களைக் கூடவே வைத்துக்கொண்டு வேலை செய்தார் என்று அப்போதெல்லாம் கதை கதையாகச் சொல்வாய், அது ஏன் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

இங்கே பிரச்சினையே அதுதான். 14 அடி அகலத்தில் எங்கே பின்னால் போய்ப் பார்ப்பது? நாலு எட்டு வைத்தால் எதிர்ச்சுவரில் முதுகு இடிக்கிறது. வெளிச்சுவரில் அழகர் ஆற்றில் இறங்குவதை வரைய ஆரம்பித்திருக்கிறோம், நம் பேட்டைக்குப் பக்கத்தில்தானே இறங்குகிறார். அவர் கட்டுகிற பட்டு எந்தக் கலரோ அப்படித்தான் அந்த வருஷம் என்பார்களே, அந்தப் பட்டு என்ன கலர் என்று ஒரு வாரம் சண்டை. சிவப்பு எடுப்பாக இருக்கும் என்றேன். மாவு அக்கா, 'வருஷம் பூரா சுவத்துல நிக்கப்போற சாமிக்கு எவனாச்சும் சிவப்புக் கட்டுவானா, பச்சையக் கட்டு, மழை வரட்டும்' என்றார். பச்சைதான். சுவரில் கீழே மூன்றடிக்கு உப்புப் பொரிந்து பூச்சு உதிர்கிறது, அதைக் கொத்தியெடுத்துப் பூசவே உண்டியல் பணம் முழுக்கப் போய்விட்டது.

சரி, தங்கக் குதிரையை வரைந்தோம். பக்கத்திலிருந்து பார்க்க ராஜ குதிரை. எதிர் டீக்கடையிலிருந்து மாஸ்டர் கத்துகிறார், 'அண்ணே, குதிர நொண்டுது!' ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். நிஜமாகவே நொண்டியது. இடது பின்னங்கால் அரை அடி கட்டை. அன்றிலிருந்து டீக்கடை பெஞ்சுதான் எங்கள் ஸ்டூடியோவின் மிச்சப் பாதி. வடை தின்ன வருகிறவன்கூட ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் காசு கொடுக்கிறான். முதலில் எரிச்சலாக இருந்தது. அதிலும் ஒருவர், அழகர் முகம் அவர் மச்சினன் மாதிரி இருக்கிறதாம், அதற்கு நான் என்ன செய்வது? ஆனால் பாதிக்குப் பாதி சரியாகவே சொல்கிறார்கள். பையன்களைச் சுழற்சியில் பெஞ்சுக்கு அனுப்புகிறேன், வரைவதைவிடப் பெஞ்சில் உட்கார்ந்து சொல்வதுதான் அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 'நல்லா இருக்கு தாத்தா' என்பதைத் தாண்டி வாய் வரமாட்டேன் என்கிறது.

டாக்டர் பஸ்ஸில் போகலாம் என்று சொன்னதும் கிளம்பி வா. ஒரு வாரமாவது இரு, உன் தங்கச்சி மாடி ரூமைக் கூட்டி வைத்திருக்கிறாள். பிரஷ் எதுவும் கொண்டுவர வேண்டாம், கண் மட்டும் போதும், அந்தப் புதுக் கண். காலை அரை அடி நீட்டிவிட்டேன், டீ மாஸ்டர் இப்போது சரி என்கிறார், எனக்கு என்னமோ இன்னும் நொண்டுகிற மாதிரியே இருக்கிறது.

இப்படிக்கு,
உன் செல்லூர்க்காரன்