ஒரே மெட்டில் இரண்டு மொழிகள்: ஒசாகாவிலிருந்து அப்பாவுக்கு

ஒசாகா,
ஐப்பசி 12.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலத்தையும், அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா என்பதையும் அறிய ஆவல்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் வாங்கிய இசைத்தட்டைப் பற்றிச் சொன்னபோது, "ஐந்தே பாட்டை இரண்டு தடவை பாடிப் பத்து என்று விற்கிறார்களா?" என்று கேட்டீர்கள். இரவுப் பணிக்கு நேரமாகிவிட்டதால் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். ஆயுள் முழுவதும் யாப்பிலக்கணம் கற்பித்த உங்களுக்கு எழுதியே விளக்க வேண்டும் என்று அப்போதே எண்ணிக்கொண்டேன்.

தட்டின் பெயர் 'ஹேஷ்டேக் ட்வைஸ்'. ட்வைஸ் என்பது 2015-இல் சியோலில் அறிமுகமான ஒன்பது பெண்களின் குழு; அவர்களில் மோமோ, சானா, மினா ஆகிய மூவரும் ஜப்பானியர்; மூவரும் நான் இப்போது வாழும் இந்தக் கன்சாய் வட்டாரத்தில் வளர்ந்தவர்கள். கொரியாவில் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த 'லைக் ஊ-ஆ', 'சியர் அப்', 'டிடி', 'நாக் நாக்', 'சிக்னல்' என்ற ஐந்து பாடல்களை ஜப்பானிய மொழியில் மீண்டும் பாடி, அவற்றோடு கொரிய மூலங்களையும் சேர்த்து 2017 ஜூன் 28 அன்று ஜப்பானில் வெளியிட்டார்கள். முதல் வாரத்திலேயே 1,30,000-க்கும் மேற்பட்ட தட்டுகள் விற்று, ஜப்பானின் இசைத்தட்டு விற்பனையை வரிசைப்படுத்தும் ஒரிகான் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. அந்த ஆண்டின் கடைசி இரவில், நாடே குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும், என்.எச்.கே. என்ற பொதுத் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டி நிகழ்ச்சியில் அவர்கள் பாடினார்கள். கொரியக் குழு ஒன்று அந்த மேடையில் ஏறி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நான் இதைப் பழைய பொருள்கள் விற்கும் கடை ஒன்றில், உறையின் முதுகைச் சுற்றி ஓபி என்ற காகிதப் பட்டை கிழியாமல் இருந்ததைப் பார்த்து எடுத்தேன். ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம் அது. நான் பணிபுரியும் முதியோர் இல்லத்தில் பாட்டிகள் பேசும் ஒசாகா வழக்கு ஒருபுறமும் பாடநூல் மொழி இன்னொருபுறமும் இழுக்க, ஒரு சொல்லின் ஓசை எங்கே முடிகிறது என்பதே எனக்குப் பிடிபடாமல் இருந்தது. பிடிபட வைத்தது இந்தத் தட்டுதான்.

அப்பா, நம் ஊரில் வேற்றுமொழிப் படத்தைத் தமிழாக்கும்போது மெட்டு மாறாமல் சொல் மட்டும் மாற வேண்டிய நெருக்கடியைப் பற்றி நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். அதே நெருக்கடிதான் இங்கும். கொரிய மொழியில் 'நான்' என்பதற்கு, பாடல்களில் அடிக்கடி வரும் குறுகிய வடிவம் 'நான்' என்றே ஒலிக்கிறது! (அவர்களும் தந்தையை 'அப்பா' என்றுதான் அழைக்கிறார்கள். இதை வைத்து உறவு கொண்டாடுவதை மொழியியலாளர் ஏற்பதில்லை என்று நீங்கள் சொல்வது எனக்கு நினைவிருக்கிறது. ஆனாலும் முதன்முதலில் கேட்ட அன்று எனக்குக் கண் கலங்கியது.) ஒரே அசையில் முடிந்துவிடும் அந்தச் சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் 'வ-தா-ஷி-வா' என்று நான்கு மாத்திரை வேண்டும். 'மனம்' என்பதற்குக் கொரியப் பாடலாசிரியர் 'மாம்' என்று ஓர் அசை வைப்பார். ஜப்பானியர் 'கொ-கொ-ரோ' என்று மூன்று வைத்தாக வேண்டும். எனவே ஜப்பானியச் சொற்களை எழுதுபவர் 'நான்' என்பதையே விட்டுவிட்டு, வினையையும் சூழலையும் நம்பிப் பாட்டை நகர்த்துகிறார். நாம் 'வந்தேன்' என்று சொல்லும்போது விகுதி ஆளைக் காட்டிவிடுகிறது. இங்கே விகுதியும் காட்டாது, கேட்பவர்தான் உணர்ந்துகொள்ள வேண்டும். பணியிடத்தில் "யார் வந்தது? யாருக்கு வேண்டும்?" என்று நான் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இன்னும் ஒன்று, உங்களுக்கென்றே எடுத்துவைத்தது. கதவைத் தட்டும் 'நாக்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கொரியர் ககர ஒற்றிலேயே நிறுத்த முடியும். ஜப்பானியருக்கு நம்மைப் போலவே ஈற்றில் உகரம் சேர்த்து 'நொக்கு' என்று ஆக்கினால்தான் நாவில் நிற்கும். அந்த உகரமும் நம் குற்றியலுகரம் போலவே தேய்ந்து ஒலிக்கிறது. ஆனால் கணக்கில் தேய்வதில்லை: நொ, க், கு என்று மூன்றும் தலைக்கு ஒரு முழு மாத்திரை. நாம் ஒற்றுக்கு அரை மாத்திரை கொடுக்கிறோம். செய்யுளில் மெய்யை நீட்டும் ஒற்றளபெடையில் அதை ஒரு மாத்திரையாக்கினாலும் நன்னூலார் அந்தப் பட்டியலில் வல்லின மெய்யைச் சேர்க்கவில்லை. இவர்களோ வல்லின ஒற்றுக்கே ஒரு முழு மாத்திரை நேரம் மூச்சை நிறுத்திக் காத்திருக்கிறார்கள். கொரிய வடிவத்தையும் ஜப்பானிய வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேட்டு, மேசையில் விரலால் தட்டி எண்ணியபோது, என் உச்சரிப்பை எல்லாரும் ஏன் திருத்தினார்கள் என்பது தெளிவாயிற்று. நான் அந்தக் ககர ஒற்றை அரை மாத்திரையிலேயே கடந்துவிட்டிருந்தேன்.

இந்த இரு மொழிகளும் ஒரே தட்டில் அமர்வது இங்கே சின்ன விஷயம் அல்ல. 1910 முதல் 1945 வரை கொரியாவை ஜப்பான் ஆண்டது. அந்தக் காயத்தால், ஜப்பானிய மொழியில் பாடிய தட்டுகளைக் கொரியாவில் விற்க 2004 வரை தடை இருந்தது. ஒசாகாவின் இக்குனோ பகுதியில் அந்தக் காலத்தில் வந்து குடியேறிய கொரியரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் வாழ்கிறார்கள். அங்கே போகச் சுருஹாஷி ரயில் நிலையத்தில் இறங்கினாலே கொரியக் கடைகளில் இறைச்சி சுடும் மணம் வரும். எங்கள் இல்லத்தில் இருக்கும் ஒரு மூதாட்டி அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். எங்களிடம் ஜப்பானிய மொழி மட்டுமே பேசுவார். ஒரு பிற்பகல் அவருடைய அறையில் ஜப்பானிய வடிவத்தை ஒலிக்கவிட்டேன், சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து அதே மெட்டு கொரிய மொழியில் வந்ததும் தலையைத் திருப்பி, கொரிய மொழியில் ஏதோ சொன்னார். பிறகு எனக்காக ஜப்பானிய மொழியில், "இந்தப் பிள்ளைகள் ரொம்ப வேகமாகப் பேசுகிறார்கள்" என்றார். மறுநாளும் அந்தத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு வடிவங்களும் ஏன் வேண்டும் என்று இனி யாராவது கேட்டால், நான் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

என்னுடன் பணிபுரியும் நாகர்கோவில் பெண் மார்கழியில் ஊருக்கு வருகிறாள். அவளிடம் தட்டைக் கொடுத்தனுப்புகிறேன். பரணில் இருக்கும் பழைய ஒலிக்கருவி ஓடுகிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். 'நாக் நாக்' பாட்டை இரண்டு மொழியிலும் கேட்டு, நொக்கு எத்தனை மாத்திரை பிடிக்கிறது என்று நீங்களே விரல்விட்டு எண்ணி எனக்கு எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்.