புதுப்பேட்டைப் பெரியவருக்கு நன்றி

அப்பாவின் 1986 பிரீமியர் பத்மினி காரில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். முன் இடது வீல் சிலிண்டர் (பிரேக் ஷூவை டிரம் பக்கம் தள்ளும் சின்ன உருளை) கசிந்து, டிரம்மில் உரசும் ஷூ லைனிங் முழுக்க பிரேக் ஆயில்; மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுத்தது. வேறு சிலிண்டர் தேடி மூன்று சனிக்கிழமை சென்னையின் வண்டி உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் அலைந்தேன். கிடைத்ததெல்லாம் பார்க்க அதே மாதிரி, அளவுதான் வேறு.

டீக்கடையில் பக்கத்தில் நின்ற பெரியவர் என் கையிலிருந்த பழைய சிலிண்டரை வாங்கி, துல்லியமாக அளக்கும் வெர்னியர் கருவியை எடுத்து (டீ குடிக்க வந்தவரிடம் வெர்னியர்!) உள்விட்டத்தை அளந்தார். அப்புறம் ஒரு சந்துக்குள் கூட்டிப்போய்ப் பழைய ஸ்டாக்கில் சரியானதைத் தேடி எடுக்கவைத்தார். "ஷூவை ஒரு பக்கம் மட்டும் மாத்தாதீங்க தம்பி, ரெண்டு பக்கமும் மாத்துங்க" என்றார். பெயர் கேட்டேன். "வண்டி நின்னா போதும்" என்று போய்விட்டார்.

நிற்கிறது ஐயா, நேராகவே நிற்கிறது. ரொம்ப நன்றி. அன்று உங்கள் டீக்குக்கூட நான் காசு கொடுக்கவில்லை.