போர்ட்டை மாற்றும் முன் இதைப் படி, மாப்ளே

எபேன், மொரீஷியஸ்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.  

பதில் போடாமலே இருந்தவன் திடீரென்று எழுதக் காரணம் இருக்கிறது. உன் டர்பன் ஆபீஸிலும் டேட்டாபேஸுக்கு எஸ்க்யூஎல் சர்வர், இரண்டு நோடு க்ளஸ்டர் (ஒரு மெஷின் விழுந்தால் மற்றது எடுத்து நடத்தும் ஜோடி), அதில் தனிப் பெயர் வைத்து ஓடும் ஒரு இன்ஸ்டன்ஸ்தானே? அப்படியானால் "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்று வழக்கம்போல மடித்து வைக்காதே.

புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போனால் இங்கே ஆபீஸ், பஸ் எல்லாம் நின்றுவிடும். அதனால் டேட்டாபேஸை இன்னொரு நோடுக்கு நகர்த்திப் பார்க்கிற வேலையை இரண்டாம் நிலைக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு முன், இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலில் ஒரே ஒரு போர்ட்தான் (சர்வர் காது கொடுக்கும் வாசல் எண்) திறப்போம், டைனமிக் போர்ட் கூடாது என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டார். நியாயமான கோரிக்கை. டைனமிக் என்றால் சர்வர் முதலில் 49152க்கு மேலே காலியாக இருக்கும் ஏதோ ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்ளும், அதை வைத்து யார் ரூல் எழுதுவது?

வெளியிலிருந்து வந்த ஒரு நிபுணர் சர்வீஸை நிறுத்தினார். எஸ்க்யூஎல் சர்வரின் செட்டிங் கருவியான கான்ஃபிகரேஷன் மேனேஜரில் போர்ட்டை 1450 என்று போட்டார், திரும்பக் கிளப்பினார். அப்ளிகேஷன் எதுவும் சேரவில்லை. திறந்து பார்த்தால் பழைய எண்ணே உட்கார்ந்திருக்கிறது. மறுபடி மாற்றினார், வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது. உடனே தீர்ப்பும் வந்துவிட்டது: "நெட்வொர்க் பையன் ரூலைச் சரியாகப் போடவில்லை."

அந்தப் பையன் காவடிக்கு விரதம் இருக்கிறான். கிரியோல்தான் அவனுக்கு வீட்டுப் பேச்சு, என்னிடம் மட்டும் திக்கித் திக்கித் தமிழில் பேசுவான். இரண்டு நோடிலும் ரூல் ஒழுங்காக இருப்பதைக் காட்டிக்கொண்டே இருந்தான், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை மாப்ளே. ஒரு இணைப்பு அறுந்தால் முதலில் நெட்வொர்க்காரன் தலையைத்தான் உருட்டுகிறார்கள். சர்வர் தன் நடப்பை எழுதி வைக்கும் எரர் லாகை யாரும் திறப்பதில்லை.

நான் அதைத்தான் திறந்தேன். சர்வர் கிளம்பியதும் எழுதுகிற "சர்வர் இஸ் லிசனிங் ஆன்" என்ற வரியில் க்ளஸ்டரின் விர்ச்சுவல் ஐபி (எந்த நோடில் ஓடினாலும் மாறாத முகவரி) இருந்தது, பக்கத்தில் பழைய போர்ட். ஃபயர்வால் 1450இல் திறந்திருக்கிறது, சர்வர் வேறெங்கோ காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. பையன் மேல் ஒரு தப்பும் இல்லை.

போர்ட் எண், விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. க்ளஸ்டர் அந்த ரெஜிஸ்ட்ரி பதிவுக்கு ஒரு செக்பாயின்ட், அதாவது தன் கையில் ஒரு நகல், வைத்திருக்கிறது. இன்ஸ்டன்ஸ் ஆன்லைனில் இருக்கும்போது நீ மாற்றினால் அதைக் கவனித்து நகல் எடுத்துக்கொள்ளும். எந்த நோடில் எழுந்தாலும் அந்த நகலை அங்கே எழுதிவிட்டுத்தான் சர்வரைக் கிளப்பும். நிறுத்தி வைத்துவிட்டு மாற்றினால் அது க்ளஸ்டருக்குத் தெரியவே தெரியாது, அடுத்த முறை எழும்போது பழைய நகலை மேலே எழுதிவிடும். தனிச் சர்வரில் நிறுத்திவிட்டு மாற்றிப் பழகிய கை, க்ளஸ்டரிலும் அதையே செய்கிறது.

ஆகவே இன்ஸ்டன்ஸ் எந்த நோடில் ஓடுகிறதோ அங்கே, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்று. கான்ஃபிகரேஷன் மேனேஜரின் ஐபி-ஆல் (எல்லா ஐபிக்கும் பொதுவான) பகுதியில் டைனமிக் போர்ட் கட்டத்தைச் சுத்தமாகக் காலி செய். சைபரை விட்டுவைக்காதே, சைபர் என்றாலும் டைனமிக்தான். கீழே உள்ள கட்டத்தில் உன் எண்ணைப் போடு. அப்புறம் க்ளஸ்டரை நடத்தும் கருவியான ஃபெயிலோவர் க்ளஸ்டர் மேனேஜரிலிருந்தே ஆஃப்லைன் செய்து ஆன்லைன் கொண்டுவா. விண்டோஸ் சர்வீஸஸ் பக்கமே போகாதே. பிறகு அடுத்த நோடுக்கு நகர்த்தி, அங்கேயும் அந்த லாக் வரியைப் படி. ஒரு நோடில் மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவதுதான் நடு ராத்திரியில் போன் அடிக்க வைக்கிறது.

இன்னொன்று. அப்ளிகேஷன் சர்வரைச் சேரப் பயன்படுத்தும் இணைப்புச் சரத்தில் சர்வர் பெயருக்குப் பின் கமா போட்டுப் போர்ட்டைக் குறித்துவிட்டால், எந்த இன்ஸ்டன்ஸ் எந்தப் போர்ட்டில் என்று சொல்லும் எஸ்க்யூஎல் பிரவுசர் சர்வீஸைக் கேட்க வேண்டியதில்லை, அது பயன்படுத்தும் யுடிபி 1434 போர்ட்டைத் திறக்கவும் வேண்டாம். பழைய அப்ளிகேஷன் எதையாவது மாற்ற முடியாவிட்டால் பிரவுசர் இரண்டு நோடிலும் ஓட வேண்டும். அது க்ளஸ்டரோடு சேர்ந்து நகராது.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். இரண்டு பக்கமும் 1450 வந்தது. எல்லார் முன்னாலும் அந்த லாக் வரியைத் திரையில் போட்டு, தம்பி மேல் பழி இல்லை என்று நானே சொன்னேன். வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தானாம். எத்தனை நல்ல பையன்களை இப்படி விரட்டியிருக்கிறோம், நம் பழைய ஆபீஸையே நினைத்துப் பார்.

தைப்பூசத்துக்கு கைலாசன் கோயிலில் அவன் காவடி எடுக்கிறான், குடும்பத்தோடு போகிறோம். அன்று வாழை இலையில் செத் காரி. நீ இருந்தால் ஏழு காரியையும் இரண்டு சுற்று கேட்டிருப்பாய்.

உன் லாகில் எந்த எண் இருக்கிறது, இரண்டு நோடிலும் அதேதானா என்று பார்த்து இந்த வாரமே எழுது.

உன்,
பங்காளி