ஆறு வாரம் என்று நானே போட்ட கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் கணையப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பல மணி நேரம் நடந்த ஆபரேஷன், டாக்டர்கள் குழு, கடைசியில் பூங்கொத்தோடு நோயாளியின் படம், "நலமுடன் வீடு திரும்பினார்" என்று ஒரு வரி. நல்ல கட்டுரைதான், குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு என் மனைவி சிரித்தாள். "வீட்டுக்கு வந்ததும் கதை முடிஞ்சிருச்சாம்" என்றாள். எங்களுக்கு அங்கேதான் ஆரம்பித்தது. இப்போது 11ஆவது மாதம் ஓடுகிறது, அதைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியது, வேறு யாரும் எழுதக் காணோம், சரி, நானே எழுதுகிறேன்.

அவளுக்கு நடந்தது விப்பிள் ஆபரேஷன். கணையத்தின் தலைப்பகுதி, அதை ஒட்டிய சிறுகுடலின் ஆரம்பப் பகுதி, பித்தப்பை, பித்தக்குழாயில் ஒரு துண்டு என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் கணையத்தையும் பித்தக்குழாயையும் இரைப்பையையும் சிறுகுடலோடு தனித்தனியாக இணைத்துத் தைக்கிறார்கள். ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க சர்ஜன் 1935இல் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயர் நின்றுவிட்டது. ஒரு காலத்தில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நான்கில் ஒருவர் பிழைக்க மாட்டாராம். இன்று இதை அடிக்கடி செய்து பழகிய மருத்துவமனைகளில் அது 100 பேரில் 5 பேருக்கும் கீழே வந்திருக்கிறது. தூக்கம் வராத இரவுகளில் படித்துத் தெரிந்துகொண்டது இதெல்லாம். சர்ஜன்கள் அவர்கள் வேலையை இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டார்கள். வீட்டில் நடக்க வேண்டிய வேலைக்கு எங்கள் கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் இருந்தது நான்கு வரி. 6 வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம், தினமும் நடக்கவும், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவும், 3 வாரம் கழித்து வரவும்.

அந்த 6 வாரத்தைப் பிடித்துக்கொண்டேன் நான். 6 வாரத்தில் சரியாகிவிடும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானே அப்படிப் படித்துக்கொண்டேன். அலுவலகத்தில் அதே கணக்கில் லீவு போட்டேன், சொந்தக்காரர்களிடமும் அதையே சொன்னேன். அந்த 6 வாரம் வெட்டித் தைத்த வயிற்றுச் சுவர் கெட்டிப்படுவதற்கான கணக்கு, ஆளுக்கான கணக்கு இல்லை என்பது 6ஆவது வாரம் முடிந்த அன்றுதான் உறைத்தது. அன்று அவள் குளித்துவிட்டு வந்து, தலைகூடத் துவட்டாமல் கட்டிலில் சாய்ந்தவள், சாயங்காலம்தான் எழுந்தாள். நான் கைபேசியில் லீவு முடியும் தேதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த அசதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் நினைக்கிற களைப்பு இல்லை இது, தூங்கினால் போவதில்லை. ஒரு போன் பேசினால் போதும், அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும். இதில் பெரிய பொறி, நல்ல நாள்தான். திடீரென்று ஒருநாள் தெம்பாக இருக்கும், உடனே அலமாரியை ஒழுங்குபடுத்துவாள், நானும் பூரித்துப்போய் "இன்னும் ரெண்டு தெரு நடப்போமா" என்பேன், அடுத்த இரண்டு நாளும் படுக்கை. எத்தனையோ தடவை இப்படி அடிபட்ட பிறகுதான், நல்ல நாளில் பாதியில் நிறுத்தக் கற்றுக்கொண்டோம். படுத்தே கிடந்தாலும் அசதி கூடத்தான் செய்கிறது, அதனால் நடை வேண்டும், ஆனால் நேற்றைக்கு நடந்ததைவிட ஒரு வீடு தூரம் அதிகம், அவ்வளவு போதும்.

அடுத்தது சாப்பாடு. ஆபரேஷனுக்குப் பிறகு இரைப்பை ரொம்ப நாளைக்குச் சோம்பலாகவே இருக்கும், உள்ளே போனது சீக்கிரம் கீழே இறங்காது. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு முட்டிவிடும். மூன்று வேளையை மறந்துவிட்டு ஆறு சின்ன வேளைக்கு மாறினோம். அதற்கும் மேல், கணையத்தில் ஒரு பகுதி போய்விட்டதால் கொழுப்பைச் செரிக்க வைக்கும் என்சைம் போதாது, அதை கேப்சூலாகக் கொடுக்கிறார்கள். எந்த மாத்திரையையும் "சாப்பாட்டுக்குப் பின்" என்று கொடுத்தே பழகியவன் நான், இதையும் அப்படியே கொடுத்தேன், சாப்பிட்டுக் கை கழுவி, கொஞ்சம் உட்கார்ந்து, அப்புறம் கேப்சூல். அவளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. எண்ணெய்ப் பசையாக, தண்ணீரில் மிதக்கிற மாதிரி, நாற்றம் தாங்க முடியாமல். (காலையில் பத்திரிகையோடு சாப்பிடுகிறவர்கள் மன்னிக்கவும், ஆனால் இதை யாரும் சொல்லாததால்தான் நாங்கள் ஒரு மாதத்தைத் தொலைத்தோம்.) கடைசியில் ஒரு உணவு ஆலோசகர்தான் கேட்டார், "கேப்சூலை எப்போ கொடுக்கறீங்க?" முதல் வாயோடு விழுங்க வேண்டுமாம், சாப்பாடு நீண்டால் நடுவிலும் ஒன்று. சாப்பாட்டோடு கலந்தால்தான் அதற்கு வேலை. மாற்றிய ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. டிஸ்சார்ஜ் அன்று யாராவது சொல்லியிருக்கலாம், பில், இன்சூரன்ஸ், மருந்துக் கவர் என்று ஓடிக்கொண்டிருந்த எனக்குக் காதில் விழாமலும் போயிருக்கலாம். அந்த நாளில் எந்தக் கணவனுக்கும் மனைவிக்கும் எதுவும் காதில் விழாது. மருத்துவமனைகள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய நாள், கூட இருக்கிறவரை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசுங்கள், ஒரு வாரம் கழித்து ஒரு போன் போட்டு கேப்சூலை எப்போது கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். இதற்குப் புது மிஷின் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஊசி விஷயத்தில் மட்டும் ஒரு நர்ஸ் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ரத்தம் உறைந்து கட்டிவிடாமல் இருக்க, ஆபரேஷனிலிருந்து 28 நாள் வரை தினம் ஒரு ஊசி, வயிற்றுத் தோலில், தையலை விட்டுத் தள்ளி. முதல் நாள் வீட்டில் என் கை நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்கிறவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

இப்போது என் பெரிய தப்பைச் சொல்கிறேன். நான் கணக்குப் பிள்ளை மாதிரி ஆள். ஒரு நோட்டுப் போட்டேன், என்ன சாப்பிட்டாள், எத்தனை அடி நடந்தாள், காலையில் எடை எவ்வளவு, எல்லாம் எழுதினேன். டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டு உதவியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 62 கிலோ இருந்தவள் 51க்கு வந்திருந்தாள். காலையில் எடை மிஷினில் அவள் ஏறும்போது நான் பேனாவோடு நிற்பேன். 100 கிராம் கூடினால் என் முகம் மலரும், குறைந்தால் ஒன்றும் சொல்ல மாட்டேன், ஆனால் அன்று முழுக்க "இன்னும் ரெண்டு வாய், ரெண்டே வாய்" என்று தட்டோடு பின்னாலேயே திரிவேன். நாலாவது மாதம் ஒரு விடியற்காலையில் சமையலறையில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், இருட்டில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தாகமா என்றேன். பதில் இல்லை. அப்புறம் மெதுவாக, "மிஷின்ல ஏறணும்ல" என்றாள்.

எவ்வளவு நாளாக அப்படிச் செய்தாள் என்று நான் கேட்கவில்லை, அன்றைக்கே மிஷினைப் பரண் மேல் தூக்கி வைத்துவிட்டேன். வாரத்துக்கு ஒருநாள், அவளாகக் கேட்டால் மட்டும் இறக்குவது என்று ஆனது. நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டேன், அவள் இஷ்டப்பட்டதை எழுதினாள், பாதி நாள் எழுதவே இல்லை. நோயாளிக்கு வாய்க்கு ருசி போய்விடுகிறது, பார்த்தாலே குமட்டுகிறது, அதற்கு மேல் சாப்பிடாதது ஒரு குற்றம் மாதிரி ஆகிவிட்டால் பாவம், எங்கே போவாள்.

அதற்காக எல்லாவற்றையும் "மெதுவாகத்தான் சரியாகும்" என்று விட்டுவிடவும் கூடாது. டிஸ்சார்ஜ் ஆகி மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி அவளுக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், 101 டிகிரி. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன். வயிற்றுக்குள் சீழ் கட்டியிருந்தது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி வழியாகக் குழாய் வைத்து வெளியே எடுத்தார்கள், இன்னொரு ஒன்பது நாள் மருத்துவமனை. டாக்டர் என்னைத் திட்டிய திட்டு நியாயமானது. 100.4க்கு மேல் காய்ச்சல், தையலில் சிவப்பு அல்லது கசிவு, ஒரு கால் மட்டும் வீங்குவது, திடீர் மூச்சுத்திணறல், கண் மஞ்சளாவது, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காதது, இவற்றில் எது வந்தாலும் ராத்திரி பகல் பார்க்காமல் கிளம்பிவிட வேண்டும். எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இது இன்னும் ஒட்டியிருக்கிறது.

9ஆவது வாரம் கீமோ ஆரம்பித்தார்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம். அப்போதுதான் கொஞ்சம் ஏறி வந்திருந்தோம், மறுபடி கீழே. அவளுக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று, குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் கரண்ட் அடித்த மாதிரி செய்யும். குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. விரல் நுனி மரத்துப்போனது இன்னும் முழுதாகச் சரியாகவில்லை, பட்டன் போட நேரம் ஆகிறது. நான் பக்கத்தில் நின்றாலும் போட்டுவிடுவதில்லை. கேட்டால் போட்டுவிடுவேன்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றி எழுதினால் தனிக் கடிதம் ஆகிவிடும். "இன்னுமா சரியாகலை" என்று கேட்காமல் இருந்தால் போதும். "நீ ஒரு போராளி" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார், அவர் போனதும் "நான் யாரோட சண்டை போட்டேன், படுத்துல்ல கிடக்கேன்" என்றாள். பத்திரிகைகளும் இந்தச் சொல்லைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். போராளி என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவள் அழ முடிவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், அதற்கு முந்தைய வாரம் அவள் பேச்சே குறைந்துவிடும். முதல் தடவை "ஒண்ணும் இருக்காது, விடு" என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாதுதான். இப்போதெல்லாம் எனக்கும் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இரண்டு பேருமாகப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அப்படி உட்கார்ந்தால் ராத்திரி ஏதோ தூக்கம் வருகிறது.

தூக்கம் என்றதும் இன்னொன்று. தூக்கத்தில் என் கை அவள் தையலில் பட்டுவிடும் என்று பயந்து மாதக்கணக்கில் கீழே பாய் போட்டுப் படுத்தேன். அக்கறை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். "தையல் எப்பவோ ஆறிடுச்சு, உங்களுக்குத்தான் இன்னும் ஆறலை" என்று ஒருநாள் சொன்னாள். வெட்டின உடம்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லையோ என்று அவள் நினைத்திருக்கிறாள், அது எனக்கு உறைக்கவே இல்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம். ஏழாவது மாதம் ஒரு சின்ன விஷயத்துக்கு, கேப்சூல் டப்பாவை மாற்றி வைத்துவிட்டாள் என்பதற்கு, அவள் மேல் கத்திவிட்டேன். அதற்கப்புறம் மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன், ரொம்ப நேரம். மறுநாள் அவள் தம்பியைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை நாலு மணி நேரம் வந்து இருக்க முடியுமா என்று கேட்டேன். இதைக் கேட்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அவன் முதல் மாதத்திலிருந்தே யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தானாம்.

ஆசிரியர் அவர்களே, அந்தக் கட்டுரையில் படத்தில் இருந்தவரை ஒரு வருஷம் கழித்து மறுபடி போய்ப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அவர் வீட்டில் கூட இருக்கிறவரிடமும் கொஞ்சம் பேசச் சொல்லுங்கள். பூங்கொத்து வேண்டாம்.

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம், அவள் விரும்பவில்லை. கடிதத்தை அனுப்புவதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டினேன். எல்லாம் சரி, ஒரு இடத்தில் மட்டும் எண்ணைத் திருத்தச் சொன்னாள். 51 என்று நான் நோட்டில் எழுதிய அன்று இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்திருந்தாளாம், அதனால் ஐம்பதரை என்று போட வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்