தவளக்குப்பத்தில் உதவிய பெரியவருக்கு நன்றி

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு இரவில் திரும்புகையில், தவளக்குப்பம் அருகே என் தந்தையாரின் பழைய அம்பாசிடரில் முகப்பு விளக்குகள் மங்கிப்போனபோது, மொபெட்டை நிறுத்தி உதவிய, பெயர் சொல்ல மறுத்த பெரியவருக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

சுவிட்சைப் போட்டதும் ரிலேயில் (விளக்குகளுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்தச் சுவிட்ச்) ‘டிக்’ என்ற ஓசை கேட்டதால், அதில் பழுதில்லை என்று நம்பி இரண்டு மாதங்களாகப் பல்புகளையே மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த ஓசை, ரிலேயில் 85, 86 என்று எண்ணிட்ட முனைகளுக்கு இடையிலுள்ள கம்பிச்சுருள் வேலை செய்வதற்கு மட்டுமே சான்று என்றும், விளக்குக்கான மின்சாரம் 30-லிருந்து 87-க்குச் செல்கிறது என்றும் விளக்கிய அவர், விளக்குகள் எரியும்போதே அவ்விரு முனைகளில் மல்டிமீட்டரை வைத்தார். ஏறத்தாழச் சுழியம் காட்ட வேண்டிய இடத்தில் 4 வோல்ட் காட்டியது; அதாவது, அவ்வளவு மின்னழுத்தம் விளக்குகளுக்குப் போய்ச் சேராமல் ரிலேயிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. மூடியை நெம்பிப் பார்த்தால், உள்ளே தொடுமுனைகள் கருகிக் களிம்பு பூத்திருந்தன. (கடற்காற்று எங்கள் ஊரில் கதவுக் கீலையே விட்டுவைப்பதில்லை.) உப்புத்தாளால் அவற்றைத் தேய்த்து, வீடு போய்ச் சேரும் அளவுக்குச் சரிசெய்து கொடுத்தார், பணமும் வாங்கவில்லை, தேநீரும் வேண்டாமென்றார்.

மறுநாளே புதிய ரிலே பொருத்திவிட்டேன். ஐயா, தங்கள் சிறிய திருப்புளி என் காரிலேயே தங்கிவிட்டது, பத்திரமாக வைத்திருக்கிறேன்.